பொட்ஸுவோலியில் நிலத்தை உலுக்குவது தண்ணீரா, பாறைக்குழம்பா?

கேள்வி இது: "இத்தாலியில் நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பொட்ஸுவோலியில் நிலம் வருடக்கணக்காக உயர்ந்துகொண்டே வருகிறது, அடிக்கடி நடுங்கவும் செய்கிறது. எரிமலை வெடிக்கப்போகிறது என்று சிலர் சொல்கிறார்கள். நிலத்தடியில் உள்ள நீரும் வாயுவும் செய்யும் வேலைதான் அது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். வெறும் தண்ணீர் எப்படி நிலத்தை உலுக்கும்?"

அந்த "வெறும்" என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், பாறைக்குள் அடைபட்டு, முந்நூறு நானூறு டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீர் நம் குழாயில் வரும் தண்ணீர் போல நடந்துகொள்ளாது. எரிமலைப் பகுதிகளில் நடக்கும் சிறு நிலநடுக்கங்களில் பெரும்பகுதிக்கு ஏதோ ஒரு வகையில் அதன் கை இருக்கிறது. கூடவே கரியமில வாயுவின் கையும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவோம். பாறைப் பிளவில் தண்ணீர் புகுந்தால் எண்ணெய் போட்டது போல வழுக்கிவிடும், அதனால்தான் நிலநடுக்கம் என்று பலர் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஈரமான பாறையும் காய்ந்த பாறையும் உரசும்போது எதிர்ப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. வேலை செய்வது ஈரம் அல்ல, அழுத்தம்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். வெந்நீரில் நன்றாக அலசிய எவர்சில்வர் டம்ளரை உடனே ஈரமான கிரானைட் மேடையில் கவிழ்த்து வையுங்கள். சில நேரம் யாரும் தொடாமலே அது மெல்ல நகரும். உள்ளே சிக்கிய காற்று டம்ளரின் சூட்டில் விரிந்து, டம்ளரைக் கீழிருந்து கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது. டம்ளரின் எடை குறையவில்லை. மேடை மீது அது எவ்வளவு அழுத்தி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் குறைந்தது. மேடையில் கண்ணுக்குத் தெரியாத சரிவு எப்போதும் இருந்தது. இதுவரை உராய்வு அதைத் தடுத்து வைத்திருந்தது, இப்போது தடுக்க முடியவில்லை.

பாறைப் பிளவிலும் இதேதான். பிளவின் இரு பக்கமும் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் அது நழுவாமல் நிற்கிறது. இடுக்கில் உள்ள திரவத்தின் அழுத்தம் ஏறினால் இரு பக்கத்தையும் உள்ளிருந்து பிரித்துத் தள்ளும். கணக்காகச் சொன்னால் தெளிவாகும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் மேலே உள்ள பாறையின் பாரம் சுமார் 730 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். நிலப்பரப்பு வரை தடையில்லாமல் தொடர்புள்ள தண்ணீராக இருந்தால் அங்கே அதன் அழுத்தம் சுமார் 300. மிச்சம் 430 அளவுக்குப் பிடி இருக்கிறது. இப்போது மேலே போகும் வழி அடைபட்டு, நீரின் அழுத்தம் 600 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடி 130-க்கு இறங்கிவிடும், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிளவைப் பக்கவாட்டில் தள்ளும் விசை கொஞ்சமும் கூடவில்லை, ஆனாலும் அது நழுவும். உண்மையில் பிடி எந்தத் திசையில் எவ்வளவு என்பது பிளவின் சாய்வைப் பொறுத்தது. இங்கே எளிமைக்காக மேலிருந்து வரும் பாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை என்பதை மனிதர்கள் தெரியாமலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் டென்வர் அருகே, ராக்கி மலை ஆயுதக் கிடங்கில் 3,600 மீட்டருக்கும் மேல் ஆழமான கிணறு ஒன்றைத் தோண்டி, 1962 மார்ச்சில் வேதிக் கழிவுநீரை உள்ளே செலுத்தத் தொடங்கினார்கள். சில வாரங்களிலேயே அங்கே நிலம் நடுங்க ஆரம்பித்தது. 1966 பிப்ரவரியில் செலுத்துவதை நிறுத்தினார்கள். ஆனால் அங்கே மிகப் பெரிய நிலநடுக்கங்கள் வந்தது அதற்கு அடுத்த வருடம், 1967-ல். கிணற்றை மூடிவிட்டாலும் அழுத்தம் பாறையின் நுண்துளைகள் வழியாக மெதுவாகப் பரவிக்கொண்டே இருந்தது. பிறகு 1969 முதல் 1973 வரை அதே கொலராடோவில் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் விஞ்ஞானிகள் தெரிந்தே செய்து பார்த்தார்கள். நீரைச் செலுத்தினால் நடுக்கம் கூடியது, வெளியே எடுத்தால் அடங்கியது.

நம் ஊர் வாசகர்களுக்கு உடனே கொய்னா அணை ஞாபகம் வரும். 1967 டிசம்பரில் 6.3 அளவில் மகாராஷ்டிரத்தை உலுக்கிய அந்த நிலநடுக்கத்திலும் அணைநீருக்குப் பங்கு உண்டு. கொய்னாவின் பாறை எரிமலைப் பாறைதான், தக்காணத்தின் கருங்கல் அடுக்கு. ஆனால் அந்த எரிமலைகள் அணைந்து ஆறு கோடி வருடங்களுக்கு மேல் ஆகிறது. அங்கே மனிதன் தேக்கிய நீரின் அழுத்தம் உண்டு, அடியில் உலை இல்லை. பொட்ஸுவோலியில் உலை எரிந்துகொண்டிருக்கிறது. அதுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

சரி, உலை என்ன செய்கிறது? பாறைக்குழம்பில் நீரும் கரியமில வாயுவும் கந்தக வாயுக்களும் கரைந்திருக்கின்றன. அது மேலே ஏறும்போதும் குளிர்ந்து இறுகும்போதும் அவை பிரிந்து வெளியேறும். சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழி வருவது போல. அந்த வாயு மேலே உள்ள நிலத்தடி நீரில் வந்து கலந்து, அதைச் சூடாக்கி, சில இடங்களில் நீராவியாக்குகிறது. ஆழத்தில் சுமார் 400 டிகிரியைத் தாண்டினால் பாறையே கொஞ்சம் இளகிவிடும். அதில் விரிசல் நிலைக்காது, மெதுவாக மூடிக்கொள்ளும். அங்கே சிக்கிய நீர் மேலே உள்ள பாறையின் முழு பாரத்தையும் தாங்க வேண்டியதாகிறது. அதற்கு மேலே உடையக்கூடிய கெட்டிப் பாறை, விரிசல்கள், சாதாரண அழுத்தத்தில் உள்ள நீர். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் உள்ள மூடி எப்போதாவது பிளந்தால், கீழே இருந்து நீர் பாய்ந்து ஏறும். ஏறும் வழியெல்லாம் பிளவுகளின் பிடியைத் தளர்த்திக்கொண்டே போகும். நிலநடுக்கக் கருவிகளில் அது சிறு நடுக்கங்களின் ஒரு கூட்டமாகப் பதிவாகும்.

அப்புறம் அந்த மூடி தானாகவே திரும்ப அடைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரைத் தினமும் காய்ச்சும் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது போல சுடுநீரில் கரைந்திருந்த சிலிக்கா, குளிரும் இடத்தில் படிந்து விரிசலை அடைக்கிறது. அடைத்தால் அழுத்தம் ஏறும், ஏறினால் உடையும், உடைந்தால் அழுத்தம் இறங்கும், மறுபடி அடைக்கும். நியூசிலாந்தின் நிலவியலாளர் ரிச்சர்ட் சிப்சன் பிளவை ஒரு வால்வு என்று சொன்னது இதற்காகத்தான். எரிமலை வெடிக்காமலே ஒரு ஊர் பல வருடம் விட்டுவிட்டு நடுங்குவதற்கு இது ஒன்றே போதும்.

இப்போது பொட்ஸுவோலிக்கு வருவோம். காம்பி ஃபிளெக்ரேய் என்ற பெரிய எரிமலைப் பள்ளத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர் அது. பள்ளத்தின் அகலம் சுமார் 12 முதல் 15 கிலோமீட்டர். கூம்பு மலை எதுவும் இல்லாததால் பார்க்க எரிமலை போலவே தெரியாது. பாதி கடலுக்குள், மீதி வீடுகளுக்கு அடியில். ஊர் நடுவே ரோமானியர் காலச் சந்தை ஒன்றின் இடிபாடு இருக்கிறது. அதில் மூன்று பளிங்குத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. தூணின் அடியிலிருந்து மூன்றரை மீட்டர் வரை கல் வழவழப்பாக இருக்கிறது. அதற்கு மேலே ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை முழுக்கத் துளைகள். கல்லைக் குடையும் கடல் சிப்பிகள் போட்ட துளைகள் அவை. அதாவது தூண்கள் விழாமலேயே அந்த இடம் அவ்வளவு ஆழம் கடலுக்குள் இறங்கி, பல காலம் கிடந்து, திரும்ப மேலே வந்திருக்கிறது. கடல் மட்டம் அல்ல, நிலமே மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. இதை இத்தாலியில் பிராடிசிஸ்மோ என்கிறார்கள், மெதுவான நில அசைவு என்று பொருள்.

இருபதாம் நூற்றாண்டில் அது மறுபடி விழித்தது. 1970-72 வாக்கில் ஒரு முறை, 1982-84-ல் இன்னொரு முறை. இரண்டாவது தடவை இரண்டே வருடத்தில் நிலம் சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது, 16,000-க்கு மேல் நிலநடுக்கங்கள் பதிவாயின, ஏறக்குறைய 40,000 பேர் ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எரிமலை வெடிக்கவில்லை. பிறகு நிலம் மெதுவாக இறங்கியது. 2005-லிருந்து மீண்டும் ஏறுகிறது, இதுவரை ஏறியது 1.4 மீட்டருக்கு மேல். பழைய துறைமுகத்தில் படகு கட்டும் இடத்தில் கடலின் அடித்தரை வெளியே தெரிகிறது, பாசி படிந்த சுவர்கள் காய்ந்து நிற்கின்றன. 2024 மே 20-ல் 4.4, 2025 மார்ச் 13-லும் ஜூன் 30-லும் 4.6 என்று நடுக்கங்கள் வந்தன. அளவில் இவை சின்னவை. ஆனால் பெரும்பாலும் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள்ளேயே நடப்பதால் வீட்டுக்கு அடியில் லாரி மோதியது போல இருக்கும்.

ஊருக்குள்ளேயே இருக்கும் சோல்ஃபதாரா என்ற பள்ளத்தில் நிலத்திலிருந்து நீராவியும் வாயுவும் சீறிக்கொண்டு வருகின்றன. சூடு 160 டிகிரி வரை. அந்தப் பகுதியிலிருந்து ஒரு நாளைக்கு வெளியேறும் கரியமில வாயு ஆயிரக்கணக்கான டன். வெடித்துக்கொண்டிருக்கும் சில எரிமலைகள் விடும் அளவு அது. கீழே இருந்து எவ்வளவு வாயு வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான அடையாளம் வேண்டாம். வாயு வரும் வேகத்துக்கு வெளியே போகும் வழி போதவில்லை என்றால், அழுத்தம் ஏறும், நிலம் உப்பும், பிளவுகள் நழுவும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. ரோமானியர்கள் கடல்நீரிலும் கெட்டுப்போகாத காரைக்குப் பயன்படுத்திய எரிமலைச் சாம்பலுக்குப் பெயர் பொட்ஸோலானா, இந்த ஊரின் பெயரே அதற்கு வந்தது. சாம்பலும் சுண்ணாம்பும் நீரும் சேர்ந்தால் கெட்டியாகிவிடும். புவி இயற்பியலாளர் டிசியானா வனோரியோ தலைமையில் 2015-ல் வெளிவந்த ஆய்வு, அந்தப் பள்ளத்துக்கு அடியில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள மூடிப்பாறையும் அதே போன்ற வேதிவினையால்தான் இறுகியிருக்கிறது என்று காட்டியது. அதில் நார் போன்ற கனிமங்கள் பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் அந்த மூடி சட்டென்று உடையாமல் வளைந்து கொடுக்கிறது, நிலம் இவ்வளவு உயர முடிகிறது. ரோமானியர் மேலே கட்டியதை இயற்கை கீழே முன்பே கட்டி வைத்திருக்கிறது.

தண்ணீரின் வேலையை முழுதாகக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஜப்பானின் மட்சுஷிரோவைத்தான் சொல்வேன். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் அரசின் தலைமையகத்தை மாற்றுவதற்காக அங்கே மலைக்குள் சுரங்கங்கள் வெட்டினார்கள், போருக்குப் பின் அவற்றில் நிலநடுக்க ஆய்வு நிலையம் அமைந்தது. 1965 ஆகஸ்டில் அந்த நிலையத்துக்கு அடியிலேயே நடுக்கம் தொடங்கியது. நாளுக்கு நாள் கூடியது. 1966 ஏப்ரலில் ஒரே நாளில், மக்கள் உணர்ந்தவை மட்டும் ஐந்நூறுக்கு மேல். சில வருடங்களில் கருவிகளில் பதிவானவை ஏழு லட்சத்துக்கு மேல். அவற்றில் மிகப் பெரியதே 5.4 அளவுதான். நிலம் உப்பியது, தரையில் விரிசல்கள் வரிசையாகத் திறந்தன. பக்கத்தில் மினகாமி என்ற பழைய எரிமலைக் குமிழ் இருந்ததால் அது விழித்துவிட்டதோ என்று எல்லோரும் பயந்தார்கள். ஆனால் வெளியே வந்தது பாறைக்குழம்பு அல்ல. விரிசல்களிலிருந்து உப்பும் கரியமில வாயுவும் கலந்த தண்ணீர் பீறிட்டது, ஏறக்குறைய ஒரு கோடி டன். அந்த நீரில் ஊறி ஒரு மலைச்சரிவே நகர்ந்தது. நீர் வெளியேறிய பிறகு நடுக்கம் படிப்படியாக அடங்கியது, உப்பிய நிலம் இறங்கியது. இதை 'நீர் வெடிப்பு' என்று பெயரிட்டு எழுதினார்கள் ஜப்பானில். அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட கூட்டத்தைச் சாதாரண நிலநடுக்கத்திலிருந்து பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. சாதாரணமாக ஒரு பெரியது வரும், பின்னதிர்வுகள் தேய்ந்துகொண்டே போகும். திரவம் ஓட்டும் கூட்டத்தில் பெரியது என்று ஒன்று இருக்காது. மேலும் நடுக்கத்தின் மையங்கள் இடம் மாறிக்கொண்டே போகும், முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. ஈரம் துணியில் பரவுவதைப் பார்த்திருந்தால் அந்த வேக மாற்றம் புரியும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் 2010-ல் வந்த கூட்டம் இப்படித்தான் நாள்தோறும் வெளிநோக்கிப் பரவியது. நிலநடுக்க அலைகளும் உதவுகின்றன. பாறையின் துளையில் இருப்பது நீரா ஆவியா என்பதைப் பொறுத்து இரு வகை அலைகளின் வேக விகிதம் மாறும்.

இன்னொரு வகை அதிர்வும் இருக்கிறது. அதில் பாறை நழுவுவதே இல்லை, விரிசலுக்குள் இருக்கும் வாயுவோ நீரோ புல்லாங்குழலில் காற்று போல அதிர்கிறது. கொலம்பியாவின் கலெராஸ் எரிமலையில் இப்படிப் பதிவான அதிர்வுகள் நீளமாகத் தேய்ந்து திருகாணி போலத் தெரிந்ததால் அவற்றுக்குத் திருகாணி என்றே பெயர், ஸ்பானிய மொழியில் தோர்னியோ. 1993 ஜனவரியில் அவை மிகக் குறைவாகவே பதிவாயின, எரிமலை அமைதியாக இருப்பது போலத் தோன்றியது. ஜனவரி 14 அன்று அது வெடித்தபோது எரிமலையின் வாய்ப்பகுதியில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு விஞ்ஞானிகளும் மூன்று பார்வையாளர்களும் இறந்தார்கள். அடைபட்ட வாயுவின் அதிர்வை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதை அந்தத் துறை அன்றைக்குப் பெரிய விலை கொடுத்துக் கற்றது.

ஆகவே "தண்ணீர்தானே" என்று ஆறுதல் கொள்வதற்கு நான் உடன்பட மாட்டேன். 2014 செப்டம்பரில் ஜப்பானின் ஒன்டாகே மலையில் வெடித்தது நீராவிதான், 63 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அதே ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் இயங்கும் எரிமலையே இல்லை. அங்கே 2020 கடைசியிலிருந்து ஆழத்தில் இருந்து ஏறிய திரவம் ஒரு கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. 2024 புத்தாண்டு அன்று அதே பகுதியில் 7.6 அளவில் பெரும் நிலநடுக்கம் வந்தது. திரவம் பிடியைத் தளர்த்தும், அவ்வளவுதான். எவ்வளவு நீளமான பிளவு, எவ்வளவு காலமாக அதில் விசை சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு.

பொட்ஸுவோலியில் பாறைக்குழம்பு வரவே வராது என்றும் யாரும் சொல்ல முடியாது. 1538 செப்டம்பர் கடைசியில் வந்தது. அதற்கு முன்பும் நிலம் உயர்ந்தது, நடுங்கியது. வெடிப்புக்குச் சற்று முன் கடல் பின்வாங்கி மீன்கள் தரையில் கிடந்தன, மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரே வாரத்தில் மோன்டே நுவோவோ, அதாவது புது மலை, 130 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நின்றது. இன்றைய ஏற்றத்தில் குழம்புக்கு எவ்வளவு பங்கு, ஆவிக்கும் வாயுவுக்கும் எவ்வளவு பங்கு என்பதில் விஞ்ஞானிகளிடையே உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. என் கருத்து, மேலே மூன்று நான்கு கிலோமீட்டரில் நடக்கும் நடுக்கத்தை நேரடியாக நடத்துவது திரவங்களின் அழுத்தம். அந்த வாயுவுக்கும் சூட்டுக்கும் மூலம் அதற்குக் கீழே உள்ள பாறைக்குழம்பு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பதுதான் பிரச்சினை.

அழுத்தத்தைக் குழாய் போட்டு இறக்கிவிட முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். மழைநீரும் நிலத்தடி நீரும் அந்தப் பள்ளத்தில் சேர்வதைக் கட்டுப்படுத்தினால் அழுத்தம் குறையும் என்று வனோரியோவின் குழு 2025-ல் யோசனை சொல்லியிருக்கிறது. யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் சுமார் ஐந்து லட்சம் பேர் ஆபத்து வளையத்துக்குள்ளேயே வாழும் இடத்தில் ஆழக் கிணறு போடுவதற்கு நான் பயப்படுவேன். சுவிட்சர்லாந்தின் பாசெலில் 2006 டிசம்பரில் புவிவெப்ப மின்சாரத்துக்காகப் பாறைக்குள் நீர் செலுத்தி 3.4 அளவில் ஒரு நடுக்கம் வந்தது, திட்டமே கைவிடப்பட்டது. டென்வரில் கிணற்றை மூடிய பிறகு ஒரு வருடம் கழித்து வந்ததையும் மறக்க வேண்டாம்.

நடக்கிறதைப் பின்தொடர விரும்பினால், 1841-ல் தொடங்கிய வெசூவியஸ் ஆய்வு நிலையம் காம்பி ஃபிளெக்ரேய்க்கு வாரா வாரம் அறிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை நிலை 2012 கடைசியிலிருந்து மஞ்சளில் இருக்கிறது. செய்திகள் அந்த வாரத்தின் பெரிய நிலநடுக்கத்தை மட்டும் எடுத்துப் போடும். நான் முதலில் பார்ப்பது மாதத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நிலம் ஏறுகிறது என்ற வரியை. அடுத்து வாயுக்களின் விகிதமும், சோல்ஃபதாராவின் பக்கத்தில் உள்ள பிசியாரெல்லி ஆவித்துளையின் சூடும். அப்புறம் நடுக்கங்களின் ஆழம். ஏற்றத்தின் வேகம் திடீரென்று கூடி, ஆழத்தில் இருந்து நடுக்கம் மேல்நோக்கி நகர்ந்து, கந்தக டை ஆக்சைடும் சேர்ந்து வர ஆரம்பித்தால், அன்றைக்குக் குழம்பைப் பற்றிப் பேச வேண்டியதுதான்.